அத்தையை மறந்துடாதீங்க

ஹமமாட்சு,
ஜப்பான்,
பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னரசு எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கோழி கிளறின மாதிரி எழுத்து என்று நீதானே சொல்வாய். பொங்கலிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "அக்கா தம்பி சண்டையில என்னை இழுக்காதீங்கப்பா, நான் சோறு திங்கிற வீடு இது" என்கிறார். அதனால்தான் கடிதம்.

"பொண்டாட்டி சம்பாதிக்கிறா, என் தம்பி பீத்துணி அலசுறான்" என்று நீ சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதை இப்போது கிளற வேண்டாம்.

ஒரு நல்ல சேதி. நறுமுகைக்கு நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரலில் சேர்க்க வேண்டும். பிருந்தா அலுவலகத்திலிருந்து ஓடி வந்து வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பல்சக்கரம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வரைபடம் போட வேண்டும். மே மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காப்பகத்தில் முதல் மாதம் பழக்குவதற்கு மட்டும்தான். முதலில் கொஞ்ச நேரம் விட்டுக் கூட்டி வர வேண்டும், பிறகு மதியச் சாப்பாடு வரை, கடைசியில் மதியத் தூக்கம் வரை. அங்கே படுத்துத் தூங்கி எழுகிற பிள்ளையைத்தான் முழு நாள் வைத்துக்கொள்வார்கள். மே மாதத்துக்குள் இவள் பழகாவிட்டால் என் வேலை போகும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குத்தான் இங்கே இடம், அதனால் வேலை போனால் காப்பகத்து இடமும் போகும். அப்படி ஆகிவிட்டால் தீபாவளிக்குப் பேசியபடி அவளை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன், பள்ளிக்கூடம் சேருகிற வயது வரை. அந்தப் பேச்சில் மாற்றமில்லை.

இப்போது ஓர் உதவி. இங்கே காப்பகத்துக்கான பைகளை வீட்டில்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். மாற்றுத் துணிக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று, தண்ணீர்க் கோப்பைக்கு ஒன்று. பிள்ளை தூங்கும் குட்டிக் கட்டிலுக்கு ஒரு விரிப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள், இதோடு வைத்திருக்கிறேன். நம் வீட்டில் தையல் தெரிந்தவள் நீ ஒருத்திதான். தைத்து அனுப்புவாயா?

மிகவும் நன்றி. இதைப் படித்ததற்கும் நன்றி. அத்தானுக்கும் நன்றி சொல்.

உன் தம்பி,
தென்னரசு


திண்டுக்கல்,
மார்ச் 3

தென்னரசு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். கூடப்பிறந்தவளுக்கு எதற்கடா இத்தனை நன்றி? கடைக்காரன் பாக்கியை நேர் செய்து "வாங்க, போய்ட்டு வாங்க"ன்னு அனுப்புகிற மாதிரி இருக்கிறது. நமக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் நான் யாரோ, நீ யாரோ. அந்த ஊர்ப் பழக்கத்தை அந்த ஊரோடு வைத்துக்கொள்.

இரண்டாவது. தீபாவளிக்கு நீ என்ன சொன்னாய்? "ஒருவேளை பிள்ளையை உன்கிட்ட விடுற மாதிரி இருக்கும்க்கா" என்றாய். எனக்கு அந்த 'ஒருவேளை' காதில் விழவே இல்லை. முன்னறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தாயிற்று. பிள்ளை ஏறிவிடப் போகிறதென்று உன் அத்தான் மாடிப்படிக்கு ஆளை வைத்து ஒரு குட்டிக் கதவு போட்டிருக்கிறார். தினம் அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிறார். "கதவு நல்லா இருக்கு, விடுங்க" என்றால், "தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமான்னு பார்க்கிறேன்" என்கிறார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். கடவுள் கொடுக்கவில்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் புலம்பியதில்லை, உன்னிடமும் இல்லை. உன் மகளை நான் நேரில் பார்த்தது மொட்டை எடுத்த அன்றைக்கு மட்டும். அவள் என்னிடம் வராமல் இருப்பதற்குத் தேவையான பையை என்னையே தைக்கச் சொல்கிறாய். கேட்க எப்படி உனக்கு மனசு வந்தது?

ஜப்பான் அவ்வளவு பெரிய ஊர், அங்கே ஒரு பை கிடைக்காதா? கடையில் வாங்கிக்கொள்.

பூங்கோதை


ஹமமாட்சு,
மார்ச் 11

அக்கா,

திட்டித்தானே எழுதியிருக்கிறாய் என்று பிருந்தா சமாதானம் சொன்னாள். "திட்டுறதுக்காச்சும் ஸ்டாம்ப் வாங்கியிருக்காங்கல்ல?" என்றாள்.

கடையில் பை கிடைக்கும். ஆனால் எங்கள் காப்பகத்து அலமாரிக்கும் கட்டிலுக்கும் அளவு தனி. சரி, நாமே தைப்போம் என்று கை மிஷின் ஒன்றை இரவல் வாங்கி உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். செருப்புப் பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். நறுமுகை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். காலையில் பிருந்தாவை அனுப்பிவிட்டு, பிள்ளையை சைக்கிளின் பின் இருக்கையில் கட்டி, தலைக்கவசம் மாட்டிப் பூங்காவுக்குப் போவோம். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்கக் காற்று பிடுங்கி எடுக்கும். எதிர்க்காற்றில் நான் மூச்சு வாங்க மிதிப்பேன், பின்னால் இருந்து இவள் "ஹை, ஹை" என்று விரட்டுவாள். மாட்டை விரட்டுகிறாளா, ஜப்பான் மொழியில் 'சரி, சரி' என்கிறாளா, தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போங்கள் என்று. அதைக் கேட்டதும் சறுக்குமரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். முழுப் பேரும் வாயில் நுழையாமல் இங்கே எல்லாரும் அவளை 'நாரு சான்' என்கிறார்கள், நாரு பாப்பா என்கிற மாதிரி.

கீழ்வீட்டு அம்மா அன்றைக்கு என்னிடம், "உங்க பொண்ணுக்குக் காலு நல்லா ஓடுது, எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கேன், ரொம்ப சந்தோஷம்" என்றார். நானும் பூரித்துப்போய் நன்றி சொன்னேன். அது பாராட்டு இல்லை, சத்தம் தாங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார் என்று பிருந்தா விளக்கிய பிறகு தரை முழுக்கப் பஞ்சு விரிப்பு வாங்கிப் போட்டேன். மறுநாள் அவர் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்து எனக்கு நன்றி சொல்கிறார். அக்கா, இங்கே அது பாக்கியை நேர் செய்கிற சொல் இல்லை. நேற்றைய உதவிக்கு இன்றும் சொல்வார்கள், அடுத்த வாரம் பார்த்தாலும் சொல்வார்கள். பாக்கி தீரவே தீராது. எனக்கும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

என் கைலியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் அவள் தூங்குவாள். நான் நகர்ந்தால் விழித்துவிடுவாள். காப்பகத்தில் நான் இருக்க மாட்டேன். தெரியாத முகங்களுக்கு நடுவே படுக்கப் போகிறாள். நம் வீட்டுக் கை பட்டது ஏதாவது ஒன்று அவளோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். யார் கை என்று யோசித்தபோது உன்னைத் தவிர வேறு யாரும் மனசில் வரவில்லை. உனக்கு அது எப்படி வலிக்கும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நீ தைக்க வேண்டாம். கோபம் மட்டும் வேண்டாம்.

தென்னரசு


திண்டுக்கல்,
மார்ச் 22

தம்பிக்கு,

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்தக் கதைதான் என் கதை. பார்சலில் மூன்று பையும் விரிப்பும் இருக்கின்றன.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். உன் அத்தான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தைக்கலைன்னா பிள்ளை இங்க வந்துரும்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். "வாயை மூடிட்டு டீயைக் குடிங்க" என்றேன். அவர் கேட்டது உண்மைதான். அப்படித்தான் நினைத்தேன்.

விரிப்புத் துணியை அடையாளம் தெரிகிறதா? நீ காலேஜ் படிக்கும்போது எங்கள் வீட்டில் இருந்தாயே, அப்போது கட்டிய நீலக் கட்டம் போட்ட கைலி. பீரோவில் சந்தன சோப்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டது, பிள்ளை உடம்பை உறுத்தாது. நீ இல்லாவிட்டாலும் கைலி இருக்கட்டும்.

நீ அனுப்பிய அளவு எனக்குச் சரியாகப் படவில்லை. வளருகிற பிள்ளைக்கு இப்படியா ஒட்டப் பிடித்து அளவு சொல்வார்கள்? எல்லாவற்றையும் கொஞ்சம் தாராளமாகவே தைத்திருக்கிறேன். விரிப்பில் கால்பக்கம் ஒரு முழம் கூட விட்டிருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

நன்றி என்று எழுதிவிடாதே.

அக்கா


ஹமமாட்சு,
ஏப்ரல் 13

அக்கா,

பார்சல் வந்தது. கைலியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

ஆனால் காப்பகத்தில் நிலைமை சரியில்லை.

துணிப் பையைக் கொக்கியில் மாட்டினால் தரையைத் தொடுகிறது. செருப்புப் பையில் இவள் செருப்போடு என் செருப்பும் நுழையும். விரிப்பைப் பார்த்து மொரிதா டீச்சர், "அத்தை தைச்சதா? ரொம்ப அழகு. ஆனா கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து, "ஆமாங்க, கொஞ்சம் பழசுதான், ஆனா மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றேன். மறுநாளும் "கொஞ்சம்..." என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அம்மாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நாரு அப்பா, அது கட்டிலுக்கு நீளம். மிச்சம் தரையில தொங்குது, மத்தப் பிள்ளைங்க காலு தடுக்கும். அதைத்தான் சொல்றாங்க" என்று உடைத்துச் சொன்னார். முகத்துக்கு நேரே குறை சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டத்தான் வேண்டும், கத்தரி வைக்க மனசு வரவில்லை. அதுவரை பழைய போர்வையைத்தான் விரிக்கிறார்கள்.

அதெல்லாம் பெரிய விஷயமில்லை. பிள்ளை பழகவில்லை, அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் காலைக் கட்டிக்கொள்கிறாள். அவள் பார்க்காத நேரம் நழுவி வந்துவிடுகிறேன். பிறகு வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தால் கதவையே பார்த்துக்கொண்டு அழுகிறாள். சாப்பிட்டதைக் கக்குகிறாள். படுக்க வைத்தால் எழுந்து நிற்கிறாள். "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று டீச்சர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். நாளை நாளை என்று மே வந்துவிடும்.

பிருந்தா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். மே முதல் வாரம் இங்கே விடுமுறை. டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். உன் பதில் வந்ததும் போட்டுவிடுவேன். முன்னறையைத் தயாராக வைத்திரு. அத்தானிடம் சொல், கதவு வீண் போகாது என்று.

தென்னரசு


திண்டுக்கல்,
ஏப்ரல் 21

தென்னரசு,

உன் கடிதத்தைப் படித்ததும் உன் அத்தான் அல்வா வாங்கக் கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பிள்ளையை அனுப்பாதே.

போனிலேயே சொல்லலாம். ஆனால் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டால் "அனுப்புடா, நான் பாத்துக்கிறேன்" என்று என் வாய் சொல்லிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

குழாயைத் திறந்துவிட்டு பிருந்தா அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்குத் தெரியும், தம்பி. இந்த வீட்டுக் குழாய்க்கும் தெரியும். அந்த அழுகையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவள் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச என்னால் முடியாது. எனக்குப் பிள்ளை ஆசை இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இப்படி வேண்டாம்.

நீ செய்கிறதுதான் தப்பு. பிள்ளை பார்க்காத நேரம் நழுவி வந்தால் அது கதவைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்கும்? வேலியோரம் நின்று எட்டிப் பார்க்காதே. "போய்ட்டு வரேன், சாயங்காலம் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நட. பழைய போர்வையைத் தூக்கிப் போடு. என் விரிப்பை டீச்சர் கையில் கொடுக்காதே, பிள்ளை கையில் கொடு. யார் தைத்தது என்று சொல்லிக் கொடு. நீளத்தை வெட்டாதே, மடித்து ஊசி போட்டுக்கொள்ளலாம்.

கேட் சத்தம் கேட்கிறது.

அக்கா


ஹமமாட்சு,
மே 24

அக்கா,

உன் கடிதம் விடுமுறைக்குள் வந்து சேர்ந்தது. பிருந்தா படித்தாள். படித்துவிட்டு என் எதிரிலேயே அழுதாள், குழாயைத் திறக்காமல்.

அதற்கு முன்பே கம்பெனியில் தலைகுனிந்து நின்று, ஒரு வாரம் தள்ளிச் சேருகிறேன் என்று கேட்டிருந்தேன். விடுமுறை முடிந்த அன்றைக்கு விரிப்பை நறுமுகை கையில் கொடுத்தேன். "இது அத்தை தைச்சது" என்றேன். "அத்தை" என்றாள். அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். நீ விட்ட அந்த ஒரு முழம் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வரேன், சாயங்காலம் வருவேன்" என்றேன். கத்தினாள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சைக்கிள் பூட்டில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் போனால் மொரிதா டீச்சர் வாசலுக்கே ஓடி வந்தார். "நாரு அப்பா, தூங்கிட்டா! மூக்கை வெச்சு மோந்து பாத்தா. தொங்குற துணியைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டா. அப்புறம் தூங்கியே போய்ட்டா!" என்றார். வழக்கம்போல நான் மன்னிப்புக் கேட்டேன், "நீளத்தை இந்த வாரம் சரி பண்ணிடுறேன்" என்று. "வேண்டாம், வேண்டாம், வெட்டிடாதீங்க! அதுலதான் தூங்குறா. மிச்சத்தை அவ பக்கத்துலயே சுருட்டி வெச்சுக்கிறோம்" என்றார். 'கொஞ்சம்' என்று இழுக்கவில்லை, நேராகவே சொன்னார்.

இன்னும் கேள். அந்த விரிப்பின் பேரே அத்தை ஆகிவிட்டது. தூங்குகிற நேரம் வந்ததும் "அத்தை, அத்தை" என்று இவள் கேட்க, டீச்சர்களும் "அத்தை எங்கே? அத்தையைக் கொண்டாங்க" என்கிறார்கள். பக்கத்துக் கட்டில் பையன் தனக்கும் ஓர் அத்தை வேண்டும் என்று வீட்டில் அழுதானாம். வெள்ளிக்கிழமை விரிப்புகளைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் வாரம் நான் மறந்துபோய் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன். மொரிதா டீச்சர் தெருமுனை வரை ஓடி வந்தார். "நாரு அப்பா! அத்தையை மறந்துடாதீங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பென்சில் பிடித்தால் கை இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

ஒரே ஒரு சங்கடம். துவைத்துக் காற்றில் உலர்த்தினதும் உன் பீரோவின் சந்தன வாசனை போய்விட்டது. இவள் மோந்து பார்த்துவிட்டு என்னை முறைக்கிறாள்.

நீ எழுதாதே என்ற அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அங்கங்கே அடித்து வைத்திருக்கிறேன் பார், அங்கெல்லாம் அதுதான் இருந்தது.

தென்னரசு


திண்டுக்கல்,
ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பார்சலில் இன்னொரு விரிப்பு இருக்கிறது. உன்னுடைய பச்சைக் கைலி. பத்து நாள் சோப்புக்கு நடுவில் வைத்து எடுத்தேன். ஒன்றைத் துவைக்கும்போது இன்னொன்று. இதில் ஒன்றரை முழம் கூட விட்டிருக்கிறேன். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று இப்போது தைரியம் வந்துவிட்டது.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். டீச்சர் தெருவில் ஓடி வந்த இடத்தில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். "திரும்பப் படிடி" என்றார். அப்புறம் எழுந்துபோய்ப் படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். "இன்னும் எதுக்குங்க அது? கழட்டிடலாமே" என்றேன். "லீவுக்கு வருவால்ல? அப்ப வாங்கிட்டா வர முடியும்?" என்றார். அது அங்கேயே இருக்கட்டும். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுவிட்டேன். வெளிச்சம் நன்றாக வருகிறது.

உன்னைத் தவிர எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என்னை அத்தை என்று கூப்பிட உன் மகள் ஒருத்திதான், அவளும் கண்காணாத தூரத்தில். அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது நான் பார்த்தே இராத ஒரு ஊரில், என் முகம் தெரியாத டீச்சர்களும் பச்சைப் பிள்ளைகளும் தினமும் மதியம் அத்தை எங்கே, அத்தை எங்கே என்று தேடுகிறார்கள். மதியம் சாப்பிட்டுப் படுக்கும்போது, அங்கே இந்நேரம் எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கும் தூக்கம் நன்றாக வருகிறது.

அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்குள் கூடாது என்று உன்னைத் திட்டியவள் நான்தான். ஆனாலும் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை.

நன்றிடா, தம்பி.

பதிலுக்கு நீ ஆரம்பித்தாய் என்றால் அடுத்த விரிப்பு கிடையாது.

உன் அக்கா,
பூங்கோதை